ஒரு மாதம் குறைத்துச் சொன்னோம்

ஐந்து மாதம் முடிந்த வயிற்றுப் பிள்ளை எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஸ்கேன் படத்தைக் கொண்டுவந்து, இது மூக்கு, இது கால் என்று கறுப்புக்குள் விரல் வைத்துக் காட்டுகிறாள். நானும் சந்தோஷமாகத் தலையாட்டுகிறேன். ஆனால் எனக்குத் தெரிந்த ஐந்து மாதப் பிள்ளைக்கு நிறம் உண்டு. சிவப்பு. உள்ளே ஓடும் நரம்பெல்லாம் தெரிகிற அளவுக்குத் தோல் மெல்லிசு. ஒரு சாணை விடக் கொஞ்சம் அதிக நீளம். இமை இரண்டும் ஒட்டிக்கிடக்கும், அதற்கு மேலே புருவம் முளைத்திருக்கும். உடம்பெல்லாம் பூனைமுடி. விரலுக்கு விரல் நகம் உண்டு. அந்த நகத்தைப் பார்த்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கண் திறக்கப் போகாத பிள்ளைக்கு நகம் எதற்கு என்று பல நாள் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாற்பதுகளில், யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில், தூத்துக்குடியில் கடலை ஒட்டிய ஒரு தெருவில் நாங்கள் குடியிருந்தோம். அதற்குள் நான் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்திருந்தேன். முதலாவது, ஐந்து மாதம் முடிந்த அதே வாரத்தில். இரண்டாவது, ஆறாம் மாதம் தொடங்கிப் பத்து நாளில். இரண்டும் வீட்டில்தான் நடந்தன. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவது தரித்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. இதுவும் போனால் நான் இருப்பேனா என்று அப்போது எனக்கே நிச்சயமில்லை.

என் வீட்டுக்காரர் சங்கு குளிக்கிறவர். முத்துக் குளிப்பு நடந்து வருஷக்கணக்காகிவிட்டது. கடலுக்கடியில் சிப்பி விளையாமல், பார் என்கிற பாறைத் திட்டுகள் வெறுமையாகக் கிடந்ததால், முத்துக்கு இறங்க வேண்டியவர்களும் சங்குக்குத்தான் இறங்கினார்கள். கல்லைக் கட்டிக்கொண்டு பத்துப் பாகம், பத்து ஆள் ஆழம், இறங்கி ஏறுகிறவர்களுக்குக் காது நிலைப்பதில்லை. அவருக்கு இருபத்தைந்து வயதிலேயே இரண்டு காதும் பாதிக்கு மேல் போய்விட்டது. காது கேளாத ஆளுக்குத் தன் குரலின் அளவு தெரியாது. அவர் உப்பு கேட்டால் தெருமுனை வரை கேட்கும். நான் உண்டானபோது தெருப் பெண்கள், "முழுகுதவன் பொண்டாட்டி முழுகாம இருக்கா" என்று கேலி பேசினார்கள். மூன்று தடவையும் அதே கேலிதான். மூன்றாம் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் மூன்றாவது ஆள் அவருடைய அக்காள். நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினியின் புருஷன் தோணியில் கொழும்புக்குப் போனவர், அங்கேயே யாரோடோ தங்கிவிட்டார். பிள்ளை கிடையாது. அதனால் எங்கள் வீட்டை அவள்தான் ஆண்டாள். மீன் வாங்குவதும் அவள், ரேஷன் கடையில் சண்டை போடுவதும் அவள், எனக்கு எப்போது தலைவலிக்க வேண்டும் என்று தீர்மானிப்பதும் அவள். நல்லவள். நல்லவர்களோடு ஒரே வீட்டில் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளிடம்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டு பிள்ளைகள் போனதற்கு மதினி ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். தெருக்குழாயடியில் எந்தப் பெண் கேட்டாலும் நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேனாம். எங்கள் தெருவில் கர்ப்பிணியைக் கண்டால், சாப்பிட்டாயா என்பதற்கு முன்னால் எத்தனை மாசம் என்பார்கள். நான் பிள்ளை பிறக்கப் போகிற சந்தோஷத்தில் மாதம், நாள் எல்லாம் விலாவாரியாகச் சொல்வேன். முதல் தடவை, ஐந்து முடிந்துவிட்டது என்று குழாயடியில் சொல்லி மூன்று நாள்கூட ஆகவில்லை, வலி கண்டுவிட்டது. இரண்டாவது தடவையும் கிட்டத்தட்ட அப்படியே.

"கண்ணு படாம என்ன செய்யும்? இந்தத் தடவ ஒண்ணு கொறச்சுச் சொல்லு" என்றாள் மதினி. "மூணுன்னா ரெண்டுன்னு சொல்லு. நாலுன்னா மூணு. பாக்கதுக்கு வாரவ கண்ணு தப்பான மாசத்துல போயி விழட்டும்."

"பொய்யில்லையா மதினி?"

"மாதாட்ட உத்தரவு வாங்கிட்டேன்ளா. மெழுகுதிரி கொளுத்திச் சொல்லிட்டுத்தான் வாரேன். பாவம் வந்தா எனக்கு வரட்டும்."

பொய் சொல்ல மாதாவிடமே உத்தரவு வாங்கி வந்தவளிடம் நான் என்ன பேச? இன்னொரு கட்டளையும் போட்டாள். போன இரண்டையும் பற்றி எவரிடமும் பேசக் கூடாது. குறைமாதத்தில் போனதை எண்ணிக்கையில் சேர்ப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமும் இல்லை. யாராவது வெளியாள் கேட்டால் இதுதான் முதல். செத்ததை எண்ணினால் இருப்பதும் அந்த வரிசையில் போய் நின்றுவிடும் என்பது அவள் பயம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆகவே ஒப்புக்கொண்டேன். மதினி சொன்னதால் ஒப்புக்கொண்டேன் என்று இத்தனை காலம் சொல்லி வந்திருக்கிறேன். உண்மையில் அவள் சொல்லாவிட்டாலும் நான் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு நாள் நன்றாகத் தெரியும். மாதா கோயில் திருவிழாக் கொடியேற்றத்தன்று, ஜூலை இருபத்தாறாம் தேதி காலையில்தான், மாதவிலக்கு முடிந்து கடைசியாகத் தலைக்குக் குளித்தேன். அதனால் மாதந்தோறும் அந்தத் தேதி வரும்போது எனக்குள் ஒன்று கூடும், வெளியே சொல்வதில் ஒன்று குறையும். மழைக்காலம் தொடங்கியபோது தெருவுக்கு மூன்று மாதமாக இருந்த வயிறு எனக்கு நான்கு. "மூணுக்கு இவ்வளவா?" என்று ஒருத்தி கேட்டாள். "வாயுளா, மொச்சப் பயறு தின்னா" என்று மதினி எனக்குப் பதிலாகச் சொன்னாள்.

நாங்கள் எதைச் சொன்னாலும் உள்ளே இருந்தது தன் போக்கில் வளர்ந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆச்சரியம்தான். முதல் மூன்று மாதம் எதைப் பார்த்தாலும் குமட்டல். மீன் வாடையை விட்டு ஓட எங்கள் ஊரில் இடம் ஏது? நான்காம் மாதத்தில் ஒருநாள் காலையில் அது சட்டென்று நின்றது. சாளைக்குழம்பு வேண்டும் என்று நானே கேட்டேன். இடுப்பு எலும்புக்குள் ஒளிந்திருந்தது மேலே ஏறி, கையை வைத்தால் தட்டுப்படுகிற உருண்டையாகியது. தொப்புளுக்குக் கீழே நான்கு விரல் இருந்தது, பிறகு மூன்று விரல். குளிக்கும்போது தினமும் அளந்து பார்ப்பேன். முன்னே இரண்டு தடவையும் இப்படி அளக்கவில்லை. வளரும், அதன் வேலை அது என்று இருந்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு விரல் ஏறும்போதும், இப்போது என்ன முளைத்திருக்கும் என்று யோசித்தேன். நான் பார்த்திருந்ததால் யோசிக்க முடிந்தது. இப்போது புருவம் வந்திருக்கும். இப்போது நகம்.

மழை பிடித்துக்கொண்ட நாட்களில் கடல் கலங்கிக் கிடந்தது. கலங்கிய தண்ணீரில் சங்கு தெரியாது என்பதால் குளி நின்றது, அவர் வீட்டில் இருந்தார். ஒரு மத்தியானம் நான் படுத்திருந்தேன். அடிவயிற்றில் ஏதோ உருண்டது. போன தடவைகளில் வாயு என்று நினைத்து ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்துகொண்டேன், இந்தத் தடவை உடனே தெரிந்துவிட்டது. அவருடைய கையை எடுத்து அங்கே வைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலுக்கடியில் பேச்சு கிடையாது. மேலே தோணியில் இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் நடுவில் ஒரு கயிறுதான், அதை இழுப்பதுதான் பேச்சு. அவர் கை அதற்குப் பழகியது. கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார். பிறகு கத்தினார்.

"இழுக்குதுளா! கயித்த இழுக்குத மாதிரி இழுக்குது!"

அடுக்களையிலிருந்து மதினி ஓடிவந்தாள். "எலேய், மெல்லப் பேசுலே! தெருவுக்கு இன்னும் நாலு மாசங்கூட ஆவல!"

"என்னது?" என்று இன்னும் உரக்கக் கேட்டார் அவர். உள்ளே இருந்தது துள்ளியது. அவருடைய சத்தத்துக்குத்தான் துள்ளுகிறது என்று நாங்கள் அடுத்த சில நாட்களில் கண்டுபிடித்தோம். மதினி தாழ்வாகப் பேசினால் ஒன்றும் இல்லை, அவர் வாய் திறந்தால் ஓர் உதை. வீட்டிலேயே காது கேளாத ஆளின் குரல்தான் அதற்கு முதலில் கேட்டிருக்கிறது. ஐந்தாம் மாதத்தில் காது வந்துவிடும் என்று பிற்பாடு ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னாள். எங்களுக்கு அது அவள் சொல்வதற்கு முன்பே தெரியும். அவரிடம் உண்மை மாதத்தை வாய்விட்டுச் சொல்வதற்கில்லை, சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. அதனால் அவருடைய உள்ளங்கையில் என் ஐந்து விரலையும் வைத்து அழுத்தினேன். புரிந்துகொண்டு சிரித்தார்.

கிறிஸ்துமஸ் வந்தது. மறுநாளோடு ஐந்து முடிந்தது. தெருவுக்கு நான்கு. முதல் பிள்ளை போன வாரத்தைத் தாண்டினேன். மதினி வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் அந்த வாரம் முழுக்க என்னை ஒரு சொம்பு தண்ணீர்கூட எடுக்கவிடவில்லை. மழை விட்டுக் கடல் தெளிந்ததும் அவர் மறுபடி குளிக்குப் போகத் தொடங்கினார். ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள், அதற்கு மறுநாள் காலையில் என் சேலையில் ஒரு பொட்டு ரத்தம் இருந்தது.

ஒரு பொட்டுதான். மதினி அதைப் பார்த்துவிட்டு, கும்பிடாமல், அழாமல், குதிரை வண்டி கூப்பிடப் போனாள். அவர் அதற்கு முன்பே கடலுக்குப் போய்விட்டிருந்தார்.

வண்டி எங்களைக் கொண்டுபோய் இறக்கியது பெண்கள் ஆஸ்பத்திரியில். டாக்டரம்மா ஒருத்திதான், சென்னையில் படித்துவிட்டு வந்தவள். மூக்குக் கண்ணாடி, குட்டை முடி, சிரிப்பதற்கு நேரமில்லாத முகம். தாழ்வாரத்தில் பெஞ்சு நிறையப் பெண்கள். அதில் இரண்டு பேர் எங்கள் தெரு. திரைச்சீலை ஒன்றுக்கு இந்தப் பக்கம் அவர்கள், அந்தப் பக்கம் நான். பேசுவது ஒவ்வொன்றும் அவர்களுக்குக் கேட்கும்.

"எத்தனை மாசம்மா?"

மதினி என் தோளில் வைத்திருந்த கையை இறுக்கினாள். "நாலு முடிஞ்சிட்டு" என்றேன்.

"எத்தனையாவது பிள்ளை?"

"இதான் மொதப் பிள்ள" என்றாள் மதினி.

டாக்டரம்மா சீட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு என் வயிற்றில் விரல் வைத்தாள். வைத்த விரலை எடுக்கவில்லை. மறுபடி அளந்தாள். தொப்புளுக்கு மேலே இரண்டு விரல் வந்திருந்தது. நான் தினமும் சந்தோஷமாக அளந்த அதே இரண்டு விரல். அவள் நெற்றி சுருங்கியது. ஒரு மரக்குழலை எடுத்து வயிற்றில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டாள். தாழ்வாரத்தில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது, யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மூன்று இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பிள்ளை அசையுதும்மா" என்றேன்.

"முதல் பிள்ளைக்கு நாலு மாசத்துல அசைவு தெரியாது. அது வாயு" என்றாள். பிறகு மதினியைப் பார்த்துப் பேசினாள். நாலு மாசத்துக்கு வயிறு இவ்வளவு ஏறியிருக்கக் கூடாது. ரத்தமும் பட்டிருக்கிறது. இதயத் துடிப்பு கேட்கவில்லை. இது முத்துப்பிள்ளை என்று சந்தேகப்படுகிறேன்.

மதினிக்குப் புரியவில்லை. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாள். சில சமயம் கரு பிள்ளையாக உருவாகாது. கருப்பைக்குள் சவ்வரிசி வேகவைத்த மாதிரி சின்னச் சின்ன நீர்க்குமிழியாக நிரம்பிக்கொண்டே போகும். வயிறு மட்டும் மாதத்துக்கு மீறி வளரும். உள்ளே பிள்ளை இருக்காது. விட்டுவைத்தால் திடீரென்று ரத்தம் கொட்டித் தாய் போய்விடுவாள். நாளைக் காலையில் சுத்தம் பண்ணியாக வேண்டும். புருஷன் வந்து கைநாட்டு வைக்கட்டும்.

முத்து என்றால் எங்கள் ஊரில் யாரும் பயப்பட மாட்டார்கள். அன்றைக்கு நான் பயந்தேன்.

அவரைக் கூட்டிவர மதினி கடற்கரைக்குப் போனாள். தோணிகள் கடல்காற்று பிடித்துத் திரும்ப மத்தியானம் ஆகிவிடும். என்னை ஒரு கட்டிலில் படுக்கவைத்தார்கள். நான் கையை வயிற்றில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். காலையிலிருந்து அது அசையவே இல்லை. பயத்தில் நான் கவனிக்காமல் விட்டேனா, உண்மையிலேயே அசையவில்லையா? ஒரு மணி நேரம் போனது. படித்தவள் சொல்கிறாள், வாயுவாகத்தான் இருக்கும் என்று தோன்ற ஆரம்பித்தது. சாளைக்குழம்பு கேட்டதும், விரல் விரலாக ஏறியதும், அவர் கையைத் துள்ளவைத்ததும், எல்லாம் குமிழியா? முன்னே இரண்டு தடவை பிள்ளை செத்தது. இந்தத் தடவை பிள்ளையே கிடையாது என்கிறார்கள். எது பெரிய துக்கம் என்றுகூட எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுதேன்.

அழுது ஓய்ந்த பிறகுதான் அந்தச் சொல் காதில் திரும்ப வந்தது. நாலு மாசத்துக்கு. அவள் ஒவ்வொன்றையும் அப்படித்தான் சொன்னாள். நாலு மாசத்துக்கு இவ்வளவு ஏறக் கூடாது. நாலு மாசத்துல அசைவு தெரியாது. நான் எழுந்து உட்கார்ந்தேன். கொடியேற்றத்திலிருந்து விரல் விட்டேன். ஐந்து முடிந்து பன்னிரண்டு நாள். நாங்கள் ஒரு மாதத்தை ஒளித்து வைத்தோம். அந்த ஒரு மாதத்து வளர்ச்சியைத்தான் டாக்டரம்மா நோய் என்கிறாள். என் பிள்ளை ஒழுங்காக வளர்ந்த குற்றத்துக்கு நாளைக் காலையில் அதைச் சுத்தம் பண்ணப் போகிறார்கள்.

இதை இப்போது எழுதும்போது, உடனே எழுந்து ஓடிச் சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று எனக்கே கோபம் வருகிறது. ஆனால் அன்று நான் அந்தக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. ஐந்து முடிந்தது என்று வாய்விட்டுச் சொன்ன இரண்டு தடவையும் பிள்ளை போனது. அந்தச் சொல்லை என் நாக்கு விஷமாகவே நினைத்துப் பழகிவிட்டது. சொன்னால் கண் பட்டுப் போகும், சொல்லாவிட்டால் கத்தி பட்டுப் போகும். தவிர, மதினி மாதாவிடம் சொல்லிவிட்டு வந்த காரியம். யோசித்துக்கொண்டே இருந்தேன், யோசிக்க யோசிக்கப் பொழுது போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு நேரமும் என் பிள்ளையின் உயிர் என் வாய்க்குள் இருந்தது. வெட்கமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மூன்று மணி வாக்கில் மதினியோடு அவர் வந்தார். இடுப்பில் ஈர வேட்டி, தோளில் உப்புப் பூத்திருந்தது. தாழ்வாரத்திலிருந்தே, "எங்கன இருக்கா?" என்று கத்திக்கொண்டு வந்தார். பெஞ்சிலிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

என் வயிற்றுக்குள் அது உதைத்தது.

டாக்டரம்மா தாழ்வாரத்து மேஜைக்கு வந்துவிட்டாள். அவருக்குக் காது கேட்காது என்று தெரிந்துகொண்டு அவளும் கத்தினாள். "உள்ளே பிள்ளை இல்லை! உன் சம்சாரத்தைக் காப்பாத்தணும்! இங்கே கைநாட்டு வை!" அவர் தலையாட்டினார். காது கேளாதவர்கள் பாதி விஷயத்துக்குத் தலையாட்டியே காலம் தள்ளுவார்கள். எதிரில் இருப்பவர் முகம் கோணக் கூடாது என்பதற்காகத் தலையாட்டுவார்கள். அவருக்குப் பாதிகூடப் புரியவில்லை என்று எனக்குத் தெரியும். மை தடவிய தகரப் பெட்டியை அவள் நீட்ட, அவர் பெருவிரலை அதில் அழுத்தினார்.

நான் கட்டிலை விட்டு இறங்கி ஓடினேன். அவர் முதுகு என் பக்கம் இருந்தது, கூப்பிட்டால் கேட்காது. மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். மை என் சேலையில் அப்பியது. அவருக்குக் கேட்க வேண்டும் என்றால் ஒரே வழிதான் உண்டு. என் ஆயுளில் அப்படி நான் கத்தியதில்லை.

"நாலு இல்ல! அஞ்சு முடிஞ்சு ஆறு நடக்கு! நாங்க பொய் சொன்னோம்!"

எங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேரும் வாயில் கை வைத்துக்கொண்டிருந்தார்கள். மதினி கண்ணை மூடிக்கொண்டாள். சொல்லிவிட்டேன், இனி என்ன வருமோ வரட்டும் என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டாக்டரம்மாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "நாளைக்கு நான் ஒரு கொலை பண்ணியிருப்பேனே! ஏம்மா பொய் சொன்னே? ஏன்?" என்று கேட்டாள். பெஞ்சிலிருந்த ஒரு பெண், நடுத்தர வயசுக்காரி, எனக்குத் தெரியாதவள், சாவதானமாகச் சொன்னாள்: "கண்ணு படும்னு கொறச்சிருப்பாம்மா. எல்லாரும் செய்யுததுதான்." டாக்டரம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். எத்தனை சீட்டில் எத்தனை மாதம் தப்பாக எழுதியிருக்கிறோமோ என்று நினைத்தாளோ என்னவோ, மேஜையிலிருந்த சீட்டுகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எங்களை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தச் சொன்னாள். வெளியே ஒருவர் மூச்சு விடக் கூடாது என்றாள்.

மறுபடி அந்த மரக்குழல். இந்தத் தடவை நெடுநேரம். தொப்புளுக்குக் கீழே, இடது பக்கம், வலது பக்கம். ஓரிடத்தில் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவளுடைய ஒரு கை என் புறங்கையில் கிடந்தது. அந்தக் கையின் ஒரு விரல் மெல்லத் தட்ட ஆரம்பித்தது. வேகமாக, விடாமல், ஒரே சீராகத் தட்டியது. என்ன தட்டுகிறாள் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும், பக்கத்தில் நின்ற அவருடைய கையைப் பிடித்து, அவள் தட்டுகிற மாதிரியே நானும் தட்டிக் காண்பித்தேன். அவர் தன் கையையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். தலையாட்டவில்லை. அந்த ஆள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தண்ணீர்க் குடம் தூக்காதே, இரண்டு வாரம் படுத்தே இரு, ரத்தம் பட்டால் ஓடி வா என்று சொல்லி டாக்டரம்மா எங்களை அனுப்பினாள். ரத்தம் அதன் பிறகு படவில்லை. ஏப்ரல் கடைசியில் மகள் பிறந்தாள், முழு மாதம், நல்ல எடை. நகத்தை நானே வெட்டிவிட்டேன். தெருவில் யார் கண்ணும் அவளை ஒன்றும் செய்யவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்கூட, ஒரு வருஷத்துப் பயம் வீண்தானா என்று. ஆனால் அந்தப் பயத்தைக் கேலி செய்ய இன்றும் எனக்கு மனசு வருவதில்லை. கையில் வேறொன்றும் இல்லாதபோது நாங்கள் அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

சீட்டு விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. அன்று நாங்கள் கிளம்புவதற்கு முன்னால், டாக்டரம்மா நாலு என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு வேறு எழுதினாள். பேனாவை மூடப் போனவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"முதல் பிள்ளைன்னு சொன்னீங்களே, அதாவது நிஜமா?"

நான் வாயைத் திறந்தேன். வரவில்லை. இத்தனை கத்தினவளுக்கு அந்த ஒரு சொல் வரவில்லை. மதினிதான் பேசினாள். என்னைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்துக்கொண்டு, அவளுக்கு வழக்கமே இல்லாத சின்னக் குரலில் பேசினாள்.

"மூணாவது, அம்மா. ரெண்டும் என் கையிலதான் விழுந்துச்சு. உயிர் இருந்துச்சோ இல்லயோ, ரெண்டுக்கும் நான் தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்தேன். மூத்தது பையன். அடுத்தது பொண்ணு. இவட்டகூட சொல்லல."

எனக்கு அதுவரை தெரியாது. இரண்டாவதை நான் பார்த்தேன், நகத்தைப் பார்த்தேன், பெண் என்று பார்க்கவில்லை. மூத்ததை என் கண்ணில் காட்டவே இல்லை. மூச்சில்லாமல் வந்ததைக் கோயில் புத்தகத்தில் எழுத மாட்டார்கள், கல்லறையிலும் இடம் கிடையாது. மதினி அவற்றை எங்கே வைத்தாள் என்று நான் கேட்டதுமில்லை.

டாக்டரம்மா ஒன்று என்று இருந்ததை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினாள். அதற்குக் கீழே ஆண், பெண் என்று அடுத்தடுத்து எழுதி, மூன்றாவதற்கு எதிரே இடம் விட்டு, ஈரம் காய ஊதிவிட்டு என்னிடம் கொடுத்தாள். வண்டியில் வீடு வரும் வரை அந்தச் சீட்டை மடக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளைகள் மூன்று பேரையும் ஒன்றாக நான் பார்த்தது அதில்தான்.